துவக்கில்லாத வீடு

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், நான் கௌபோய். மிச்ச நாட்களில் டண்டினொங்கில் ஒரு வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் முகத்தை ஒருமாதிரிப் பார்ப்பார்கள், பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய, தொந்தி விழுந்த மன்னார்க்காரன் ஒருவன் தோல் வெயிஸ்கோட்டும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு துவக்கோடு நிற்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் நாள் என்னாலும் முடியவில்லைதான்.

வெரிபீயைத் தாண்டி, புது வீடுகள் முடிந்து வெறும் புல் தொடங்குகிற இடத்தில் எங்கள் மைதானம் இருக்கிறது. வருசத்துக்கு வருசம் வீடுகள் நெருங்கி வருகின்றன. மூன்று பக்கமும் மண் அணை. நடுவில் பலகையால் கட்டிய பொய் வங்கி, பொய்ச் சிறைச்சாலை, பொய்ச் சாராயக்கடை. அவற்றுக்கு முன்னால் நிற்கிற இரும்புத் தகடுகள்தான் கொள்ளைக்காரர்கள். பழைய அமெரிக்காவில் இருந்த மாதிரித் துவக்குகளை மட்டும்தான் பாவிக்கலாம். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ரைஃபிள் என்றால் விசையோடு சேர்ந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்த பிறகுதான் அடுத்த தோட்டா ஏறும். தகடு டங் என்று சத்தம் போட்டால் கொள்ளைக்காரன் செத்தான். அடுத்த ஆள் வரும்போது அவனே எழும்பி நிற்பான்.

சொந்தப் பெயரில் யாரும் சுட முடியாது. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். மற்றவர்கள் கழுகு, இடி, கறுப்புக் குதிரை என்றெல்லாம் வைத்திருந்தார்கள். நான் சூடை என்று வைத்தேன். எங்கள் கரையில் கிடைக்கிற, பூனைக்கும் போடுகிற சின்ன மீன். அவர்கள் அதை ஏதோ பழைய தமிழ் வீரனின் பெயர் என்று நினைத்து மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்தவில்லை.

சுடத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் அன்றைய கதைக்கு ஏற்ற ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மணி அடிக்கும், நேரம் ஓடத் தொடங்கும். ஒருநாள் எனக்கு ஆங்கில வசனம் மறந்துபோனது. வாயில் வந்தபடி "ஆரடா அது என்ர கோழியைப் பிடிக்கிறது" என்று கத்திவிட்டேன். மணி அடித்தது, சுட்டேன், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தகடும் தப்பவில்லை. அதற்குப் பிறகு என்னை ஆங்கிலத்தில் வசனம் சொல்ல அவர்கள் விடுவதில்லை.

இதெல்லாம் வேடிக்கை. ஆனால் நான் அங்கே போவது வேடிக்கைக்காக இல்லை. சுட்டு முடித்த பிறகு ஒரு மேசைக்குப் போக வேண்டும். அங்கே துவக்கைத் திறந்து, தோட்டா போடுகிற ஒவ்வொரு துளையையும் இன்னொரு ஆளுக்குக் காட்ட வேண்டும். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் அந்த மேசையை விட்டு அசைய முடியாது. முப்பது வருசமாகச் சுடுகிறவனுக்கும் அதேதான் சட்டம். இளவயதில் ஊரில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் என் நெஞ்சுக்கு நேரே துவக்கு நின்றிருக்கிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எனக்கு யாரும் குனிந்து பார்த்துச் சொன்னதில்லை. அந்த மேசையில் நிற்கிற நேரம் எனக்குக் கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கும். இதை நான் யாருக்கும் விளங்கப்படுத்த முயன்றதில்லை.

மனைவிக்கும் விளங்கப்படுத்தவில்லை. அவள் தொடக்கத்திலேயே ஒரு கோடு கீறிவிட்டாள். "நீங்கள் எங்கயும் போய்ச் சுடுங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா துவக்கு எண்டு ஒண்டு இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளுடைய தம்பி பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இயக்கத்துக்குப் போனவன். சண்டையின் கடைசிக் காலத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவன் படம் எங்கள் வீட்டில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை போடவில்லை. மாலை போட்டால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். அப்படிப்பட்டவளுக்குத் துவக்கு என்றால் பயமாகத்தானே இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அதனால் என் நிலைமை விசித்திரமானது. லைசென்ஸ் இருக்கிறது, துவக்கு இல்லை. கிளப்பின் இரவல் துவக்குகளைத்தான் பாவிப்பேன். கிளப் தன்னுடையதை மட்டும்தான் அங்கே பூட்டி வைக்கும். சொந்தமாக வாங்கினால் வீட்டில் இரும்புப் பெட்டி வைத்து, அதைக் கொங்கிறீற்றில் ஆணியடித்து இறுக்கி, பொலிஸ் வந்து பார்க்க விட வேண்டும். எங்கள் கராஜில் அதற்கு நல்ல மூலை ஒன்று இருக்கிறது. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். அந்த மூலையில் ஒரு பழைய சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தேன். சாமான்கள் எடுக்கப் போகும்போதெல்லாம் கண் அங்கே போகும்.

லைசென்சுக்கு விண்ணப்பித்தபோது ஒன்றைக் கவனித்தேன். இந்த நாட்டில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துவக்கு வேண்டும் என்று சொன்னால் தரமாட்டார்கள். விளையாட வேண்டும் என்று சொன்னால் தருவார்கள். நான் வளர்ந்த இடத்தில் யாராவது விளையாடத் துவக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால் அவனைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு இந்தச் சட்டம் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எங்கள் மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. தேநீர் குடிக்க அங்கே கூடுவோம். அங்கே சட்டத்தைப் பிடித்தது என்று சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார்கள். எங்காவது ஒரு பாவி அநியாயம் செய்தால் சட்டம் இறுகும், கொட்டகையில் கொதிப்பு ஏறும். எத்தனை துவக்கு வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கலாம் என்று புதிது புதிதாகக் கட்டுப்பாடு. "ஒழுங்காக நடக்கிற எங்களைத்தான் நெரிக்கிறார்கள். கள்ளத் துவக்கு வைத்திருக்கிறவனை யார் கேட்கிறான்? இது எங்கள் உரிமை" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டன் காலத்துத் துவக்கைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற ஒரு மனிதனைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவனுக்கு நோகும்தான். மறுபக்கம், பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் எங்கள் ஆட்கள், "அங்க பட்டது காணாதோ, இஞ்சயும் துவக்கோ" என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நியாயம் இரண்டு பக்கமும் இருப்பதால் எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல் வரும். உரிமை என்று அவர்கள் சொல்வதை நான் அனுமதி என்றுதான் நினைத்திருந்தேன். துவக்கு வைத்திருக்கிறவனைப் பொலிஸ்காரர் ஒருவர் நேரம் கேட்டு வந்து விசாரித்துவிட்டுப் போகிற நாட்டில் எனக்கு நல்ல நித்திரை வருகிறது. கொட்டகையில் இதைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவேன்.

என்னை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனவர் என்னோடு வெயார்ஹவுசில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வழி தெரியாமல் இருந்தார், துணைக்கு வா என்று கேட்டார், போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் மைதானத்துக்கு வருவதை விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடுவார். என் மனைவி அவருக்கென்று உறைப்புக் குறைத்து நண்டுக்கறி வைப்பாள். அவர் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார்.

அவரிடம் ஒரு லீவர் ரைஃபிள் இருந்தது. பழைய அச்சில் செய்த ஒன்று. அடிக்கட்டை வால்நட் மரம், கன்னம் வைக்கிற இடத்தில் மட்டும் நிறம் மங்கி வழவழத்திருக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றாவது அதால் சுட விடுவார். கிளப் துவக்குகளின் லீவர் கறகறக்கும். இதன் லீவர் வெண்ணெயில் கத்தி போன மாதிரிப் போகும். வாழ்க்கையில் நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவள் மனைவி, கார் வேண்டும் என்றவள் மகள். எனக்கு அந்த ரைஃபிள் வேண்டும் போல இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் பிள்ளையை யாரோ ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

போன வருசம் அவர் என்னைக் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டார். முழங்கால் இரண்டும் விட்டுவிட்டது, சிட்னியில் மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். மகள் இருப்பது அடுக்குமாடியில். துவக்கோடு வருவதென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"எங்கள் இரண்டு பேரையும் பெண்கள்தான் ஆளுகிறார்கள், மேட்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரைஃபிளை நீ எடுத்துக்கொள். உன்னிடம் இருந்தால் எனக்கு நிம்மதி. உனக்கு முடியாதென்றால் டீலரிடம் கொடுப்பேன். அது யார் கைக்குப் போகுமோ தெரியாது" என்றார்.

மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சட்டப்படி அவளிடம் கேட்க வேண்டியதில்லை. வீட்டுப்படி கேட்க வேண்டும்.

அன்று மாலைப் பூசைக்குப் போகும் வழியில் கேட்டேன். கராஜில்தான் இருக்கும், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், திறப்பு என்னிடம் மட்டும் இருக்கும், நீர் காணவே மாட்டீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் காணாட்டியும் அது அங்க நிக்கிறது எனக்குத் தெரியும்தானே" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது. கோயிலில் முழங்காலில் நின்று அந்த ரைஃபிளுக்காகச் செபித்தேன். கடவுளிடம் அப்படியொரு விண்ணப்பம் வைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

அடுத்த மாதம் நண்பருக்குப் பிரியாவிடை. கடைசியாக ஒருமுறை சுட்டுவிட்டு, கொட்டகையில் எல்லோரும் சாப்பிடுவது என்று ஏற்பாடு. "அந்த மனிசன்ர கடைசி நாளுக்கு நான் வராமல் விடுறது சரியில்லை" என்று மனைவி தானாகவே சொன்னாள். விடியவே எழும்பி, மாவுக்குள் மீன் கறி வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்து, பெரிய தட்டில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரோவிலில் எங்கள் வீட்டிலிருந்து வெரிபீ வரை நான் தெருவைப் பார்த்ததை விட அவள் முகத்தைப் பார்த்ததுதான் கூட. முதல் வெடிச்சத்தத்துக்கு அவள் காரை விட்டு இறங்கமாட்டாள், அழுதாலும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, மடக்குக் கதிரையில் இருந்து, முழுவதையும் பார்த்தாள். நான் கோழிக் கள்ளனை அதட்டியபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

சுட்டு முடிந்து, மேசையில் காட்டி, ஒன்றுமில்லை என்று சொல்லக் கேட்ட பிறகு, நண்பர் ரைஃபிளை லீவர் திறந்தபடி கொட்டகைக்குள் கொண்டுவந்தார். துவக்குகள் வெளியே மரத் தாங்கியில்தான் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. அன்றைக்கு அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அதை என் மனைவிக்கு முன்னால் மேசையில் வைத்து, "இதுதான் அவள்" என்று அறிமுகப்படுத்தினார். மனைவி தலையசைத்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ கேக்கைக் கொண்டுவர, எல்லோரும் எழும்பி நண்பருக்குக் கைகொடுக்கப் போனார்கள். நானும் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது மேசையில் ரைஃபிள் இல்லை. அந்த இடத்தில் பற்றிஸ் தட்டு இருந்தது. ஆட்கள் சாப்பிட வரப்போகிறார்கள், தட்டு வைக்க இடமில்லை என்று என் மனைவி ரைஃபிளை எடுத்துக் கதவுக்குப் பின்னால், சுவர் மூலையில், அடிக்கட்டை நிலத்தில் ஊன்ற, வாய் மேலே பார்க்க, சாத்தி வைத்துக்கொண்டிருந்தாள். வழுக்குமோ என்று ஒருமுறை அசைத்தும் பார்த்தாள். பிறகு கதவை மெல்ல அதன்மேல் சாத்தினாள்.

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே துவக்கை யாரும் சுவரில் சாத்துவதில்லை, அதிலும் லைசென்ஸ் இல்லாத ஒருவர் தொடுவதே இல்லை. மைதானப் பொறுப்பாளர் வந்து, கோபப்படாமல், "பரவாயில்லை, அன்ரி" என்று எங்கள் மகளின் சிநேகிதிகள் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு, ரைஃபிளை எடுத்து வெளியே தாங்கியில் வைத்தார். மனைவி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோருக்கும் பற்றிஸ் பரிமாறினாள்.

திரும்பி வரும்போது அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்களுக்கு முன்னால் வெட்கப்பட்டுவிட்டாள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். வெஸ்ட் கேட் பாலத்தில் ஏறியபோதுதான் வாய் திறந்தாள்.

"தம்பி வந்தா அப்பிடித்தான் வைக்கிறவன். குசினிக் கதவுக்குப் பின்னால. எப்பவாவது ஒருக்கா, நாங்கள் படுத்த பிறகுதான் வருவான். அம்மா சாப்பாடு குடுத்துப் படுக்க விட்டிடுவா. எங்களை எழுப்பமாட்டா."

நான் காரை இடது பக்க லேனுக்கு எடுத்து மெதுவாக்கினேன்.

"காலம எழும்பின உடன நான் முதல் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னாலதான் பாக்கிறனான். துவக்கு நிண்டா அவன் வீட்டில நிக்கிறான். இல்லையெண்டா இல்லை. எத்தினை நாள் பாத்திருப்பன்."

"எனக்குத் தெரியாதே" என்றேன். "நீர் பயத்திலதான் வேண்டாமெண்டு சொல்லுறீர் எண்டு நினைச்சன்."

"எனக்கென்ன பயம். அது நிண்ட நாள்தான் எங்கட வீட்டில பெருநாள்."

என் ஆசையெல்லாம் ஒரு மரக்கட்டையும் இரும்பும். அவள் இத்தனை வருசமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. அதற்கு நான் பயம் என்று பெயர் வைத்துப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. தெருவைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவள் வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் இருந்தாள்.

"அந்தத் துவக்கை வாங்குங்கோ" என்றாள். "உங்கட முகத்தை இண்டைக்குப் பாத்தனான். பாவமா இருந்தது. கராஜில வையுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். காலம நான் எழும்பித் தம்பிக்கும் சேத்துத் தேத்தண்ணி போட்டா, ஏசாதேங்கோ."

அவள் உள்ளே போன பிறகு நான் கராஜில் நின்று நண்பருக்கு ரெலிபோன் எடுத்தேன். ரைஃபிளை டீலரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உன் மனைவி முடியாது என்றுவிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை, சம்மதித்துவிட்டாள்" என்றேன். "அதனால்தான் எனக்கு வேண்டாம்."

அவர், செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நண்டுக்கறியை மட்டும் சிட்னியில் எப்படிச் சமாளிப்பேன் என்று தெரியவில்லை என்றார். குசினியில் அவள் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.